பாட்டோடு போன எஞ்சின்

துப்பறிகிறவர்கள் கையில் லென்ஸ் இருக்கும் என்றுதான் பிச்சைக்கண்ணு நம்பியிருந்தார். ஸ்வீட்லினிடம் வேலைக்குச் சேர்ந்த பிறகு அந்த நம்பிக்கை போய்விட்டது. அவள் கையில் எப்போது பார்த்தாலும் டீ கிளாஸ்தான் இருந்தது. கேஸ் எவ்வளவு சிக்கலோ அவ்வளவு டீ. இந்த வெள்ளிக்கிழமை காலையில், இசக்கித்தாயின் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து அவள் மூன்றாவது கிளாஸை வாங்கியதும், விஷயம் கொஞ்சம் பெரியதுதான் என்று அவர் முடிவு கட்டிவிட்டார்.

ஸ்வீட்லினுக்கு முப்பத்தைந்து வயது ஆகவில்லை. ஒரு இன்சூரன்ஸ் கம்பெனியில், மோதிய வண்டி எது, மோதாத வண்டி எது என்று பிரித்துச் சொல்லும் வேலையில் இருந்தவள். மோதாமலே மோதியதாகச் சொல்கிறவர்கள்தான் ஊரில் அதிகம் என்று தெரிந்ததும் வேலையை விட்டுவிட்டுப் பாளையங்கோட்டையில் சொந்தமாகத் துப்பறியும் அலுவலகம் திறந்தாள். பிச்சைக்கண்ணு ஐம்பதைத் தாண்டியவர். இருபது வருஷம் வாடகைக் கார் ஓட்டியவர். பின்சீட்டில் நடந்த குடும்பச் சண்டைகளை எல்லாம் கண்ணாடி வழியாகக் கேட்டுப் பழகிய காது இது என்று சொல்லித்தான் அவளிடம் உதவியாளராகச் சேர்ந்தார். கண்ணாடி வழியாக எப்படிக் கேட்க முடியும் என்று அவளும் விசாரிக்கவில்லை.

காணாமல் போயிருந்தது ஒரு கார் எஞ்சின். கார் இருந்தது, கதவு இருந்தது, ஹாரன்கூட இருந்தது. எஞ்சினை மட்டும் காணவில்லை. அப்படியும் கார் ஓடிக்கொண்டிருந்தது என்பதுதான் இதில் வேடிக்கை.

காரின் சொந்தக்காரர் ஐயம்பெருமாள். துணைத் தாசில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர், சுத்த சைவம், சேரன்மகாதேவியில் வயல், பாளையங்கோட்டையில் வீடு. அவருடைய குரலுக்குத் தனியாக ஒரு கதவு எண் கொடுக்கலாம், அவ்வளவு பெரியது. எங்கே ஏலம் நடந்தாலும் போய் நின்றுவிடுவார். பேரன் பேத்தி யாரும் இல்லாத வீட்டில், ஏலத்தில் எடுத்த தொட்டில் ஒன்று ஈயம் பூச எடுத்து வைத்த பாத்திரங்களைச் சுமந்துகொண்டு தொங்கியது. அவர் உயிராக நினைத்தது அவருடைய பழைய கான்டெஸாவை. நீளமான மூக்கும் அகலமான முதுகும் கொண்ட அந்தக் கார் அவர் கல்யாணமான புதிதில் வாங்கியது. அதன் பெட்ரோல் எஞ்சினுக்கு வயதாகிவிட்டது. சேரன்மகாதேவிக்குப் போகும் வழியில் பேட்டை தாண்டுவதற்குள் இரண்டு தடவை நின்று இளைப்பாறியது.

இசக்கித்தாயின் டீக்கடைக்கு எதிரே பட்டறை வைத்திருந்த மெக்கானிக் எபியிடம் காரைக் கொண்டுபோய் விட்டார். தூத்துக்குடியில் உடைப்புக்கு வந்த இன்னொரு கான்டெஸாவின் டீசல் எஞ்சினை எபி தேடிப் பிடித்துக்கொண்டு வந்தான். எஞ்சினைத் தாங்கும் இரும்புகளை அறுத்து மாற்றி வெல்டிங் வைத்து, ரேடியேட்டரை ஒரு சாண் முன்னே தள்ளி, டேங்கைக் கழுவி, அதைப் பழைய வண்டிக்குள் உட்கார வைத்தான். வெளியே எடுத்த பழைய எஞ்சினைத் தன்னிடமே தந்துவிட வேண்டும் என்று ஐயம்பெருமாள் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். அது அவர் மகளை ஆஸ்பத்திரியிலிருந்து பிஞ்சுக் குழந்தையாக வீட்டுக்குக் கொண்டுவந்த எஞ்சின். அவருடைய அம்மாவைக் கடைசியாகக் குற்றாலத்துக்குக் கூட்டிப்போன எஞ்சின். இரும்புக் கடைக்குப் போட அவருக்கு மனசு வரவில்லை. மழை படாமல் சாக்கில் கட்டி வை, ஆள் அனுப்பி எடுத்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார்.

இரண்டு வாரம் கழித்து, வேலை முடிந்த காரை எடுக்க வந்தபோது பழைய எஞ்சின் எங்கே என்று கேட்டார். நீங்கள்தானே ஆள் அனுப்பி எடுத்துக்கொண்டு போனீர்கள் என்றான் எபி. அவர் ஆளே அனுப்பியிருக்கவில்லை. அதோடு தீர்ந்தது. எபியைக் களவாணி என்று தெருவெல்லாம் கேட்கச் சொன்னார். சொன்னதோடு நிற்காமல், புது எஞ்சின் போட்ட அதே காரில் ஏறிச் சாந்தி நகர் போய், எபிக்குப் பெண் கொடுக்கவிருந்த சுவிசேஷமுத்துவின் வீட்டு வாசலில் நின்று அங்கேயும் சொன்னார்.

அங்கேதான் விஷயம் கெட்டது. எபிக்கும் சுவிசேஷமுத்துவின் மகள் டெபோராவுக்கும் வருகிற புதன்கிழமை கல்யாணம். அதற்கு முன்னால் மூன்று ஞாயிற்றுக்கிழமை இரு வீட்டார் சபையிலும் அறிவிப்பு வாசிக்க வேண்டும். ஓலை வாசிப்பது என்பார்கள். யாருக்காவது ஆட்சேபணை இருந்தால் அப்போது சொல்லலாம். இரண்டு ஓலை வாசித்தாகிவிட்டது. மூன்றாவதை நிறுத்தி வைக்கும்படி சுவிசேஷமுத்து குருவானவரிடம் சொல்லிவிட்டார். இந்த ஞாயிற்றுக்கிழமை அது வாசிக்கப்படாவிட்டால் கல்யாணம் இல்லை.

ஐயம்பெருமாள் ஸ்வீட்லினிடம் வந்தபோது இரண்டு கோரிக்கை வைத்தார். எஞ்சின் வேண்டும், அந்தப் பயல் உள்ளே போக வேண்டும். எஞ்சினைக் கண்டுபிடிக்கிறேன், மற்றது என் வேலை இல்லை என்று சொல்லி அனுப்பினாள் ஸ்வீட்லின்.

"எனக்கென்னமோ எஞ்சின் காயல்பட்டினம் போயிருக்கும்னு தோணுது மேடம்," என்றார் பிச்சைக்கண்ணு.

"எதுக்கு அண்ணாச்சி?"

"மீன்பிடி போட்டுக்கு மாட்டுவாங்க. நாம நேரா அங்கன போயி, நாலு பேர்ட்ட விசாரிச்சு, அப்படியே ஏதாவது கல்யாண வீட்டுல களறிக் கறிச்சோறு கெடைச்சா, அதையும் விசாரிச்சுட்டு வந்துரலாம்."

ஸ்வீட்லின் இசக்கித்தாயின் பக்கம் திரும்பினாள். எதிரே பட்டறை வாசலைப் பார்த்தபடி பத்து வருஷமாக டீ ஆற்றுகிறவள் அவள். வாசலில் வைத்திருந்த சாக்கு மூட்டையை யாராவது தூக்கிக்கொண்டு போனார்களா என்று கேட்டதற்கு, போனார்களே என்று சாதாரணமாகச் சொன்னாள். போன வாரத்துக்கு முந்தின சனிக்கிழமை, நல்ல மத்தியானம். பட்டறை பூட்டியிருந்தது. ஒரு லோடு ஆட்டோ வந்தது. நாலைந்து வாலிபப் பையன்கள் இறங்கினார்கள். மூட்டையை முக்கி முனகித் தூக்கி ஏற்றிக்கொண்டு போனார்கள். இதைப் போலீஸிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டால், போலீஸ் வரவே இல்லையே, ஐயம்பெருமாள் அண்ணாச்சியும் சத்தம் போட்டாரே தவிர என்னிடம் எதையும் கேட்கவில்லையே என்றாள்.

"களவாண்டுட்டுப் போற மாதிரி இருந்துச்சா அக்கா?" என்று ஸ்வீட்லின் கேட்டாள்.

"களவாணிப் பயலுவ பாடிக்கிட்டா வருவானுவ? இவனுவ பாடிக்கிட்டேல்லா தூக்குனானுவ. கை தட்டித் தட்டி. எனக்கே ஒரு டீ சும்மா குடுக்கலாம்னு தோணிச்சு, குடுக்கல."

பிச்சைக்கண்ணு உடனே தன் அபிப்பிராயத்தை வெளியிட்டார். பட்டப்பகலில் பாடுகிறவன் குடித்திருக்க வேண்டும் என்பது அவர் கட்சி. ஸ்வீட்லின் கிளாஸைப் பெஞ்சில் வைத்தாள். டீ பாதி மீதி இருந்தது. அவள் டீயை மீதி வைத்து அவர் பார்த்ததே இல்லை.

அவர்கள் தெருவைத் தாண்டிப் பட்டறைக்குள் நுழைந்தபோது எபி ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து சும்மா இருந்தான். புதன்கிழமை மாப்பிள்ளை ஆக வேண்டியவன், நான்கு நாள் தாடியோடு இருந்தான். அவனைப் பார்க்கப் பிச்சைக்கண்ணுவுக்கே பாவமாக இருந்தது. களவாடியவன் இப்படி இருக்க மாட்டான் என்று அவருக்கு அப்போதே பட்டது. ஆனால் உதவியாளர் உடனே மனம் மாறினால் மரியாதை இருக்காது என்பதால் முகத்தைக் கடுமையாகவே வைத்துக்கொண்டார்.

"கியர் பாக்ஸ்கூட மாத்தாம சேத்துருக்கேன்க்கா," என்றான் எபி, கேட்காமலே. "டீசல் எஞ்சின் கனம் கூட. மூக்கு தாழ்ந்துரும்னு ஸ்பிரிங்குக்கு முட்டு குடுத்து நிமித்துனேன். ராத்திரி பகலா பாத்த வேல. அந்தப் பழைய எஞ்சின எடுத்து நான் என்ன செய்யப்போறேன்? அத வாங்க ஆளே கெடையாது."

அது நியாயமான கேள்வி. கிழட்டு எஞ்சினைத் திருடுகிறவன் முதலில் அதைச் சுமக்க வேண்டும், பிறகு அதை விற்க வேண்டும். இரண்டுமே சிரமம். ஸ்வீட்லின் பட்டறையைச் சுற்றி நடந்தாள். பட்டறைக் கதவுக்கு வெளியே, வாசல் தாழ்வாரத்தில், எஞ்சின் மூட்டை இருந்த இடத்தில், சிமென்ட் தரையில் எண்ணெய்க் கறை இருந்தது. அதற்கு ஒரு முழம் உள்ளே சுவரோரமாக இன்னொரு சாக்கு மூட்டை, இறுக்கிக் கட்டியபடி நின்றது. அதன் அடியில் கறை எதுவும் இல்லை.

அது என்ன என்று கேட்டாள். எபி முகம் கொஞ்சம் வாடியது. அவன் சபையில் அறுப்பின் பண்டிகை வந்ததாம். அன்றைக்கு அவரவர் தோட்டத்திலும் தொழிலிலும் விளைந்ததைக் காணிக்கையாகக் கொடுப்பார்கள், வாழைத்தார், கோழி, பூசணிக்காய், பின்னிய கூடை என்று எல்லாம் வந்து குவியும். ஆராதனை முடிந்ததும் கோயில் வளாகத்திலேயே ஏலம் விடுவார்கள். தன் தொழிலில் விளைந்தது இதுதான் என்று ஒரு பழைய தண்ணீர் மோட்டாரைப் புதுசு மாதிரி செய்து கட்டி வைத்திருந்தான். முந்தின நாள் கல்யாணத் துணி எடுக்க அவன் அம்மாவோடு டவுனுக்குப் போக வேண்டியிருந்தது. வாலிபர் சங்கத்துப் பையன்களிடம், பட்டறை வாசலில் சாக்கில் கட்டி வைத்திருக்கிறேன், எடுத்துக்கொள்ளுங்கள் என்று போனில் சொல்லிவிட்டுப் போனான். மறுநாள் ஞாயிறு டெபோராவின் சபையில் முதல் ஓலை என்பதால் அவன் அங்கே போய்விட்டான், ஏலத்துக்கு வரவில்லை. திங்கட்கிழமை பட்டறையைத் திறந்தால் மோட்டார் அப்படியே இருந்தது.

"மறந்துட்டானுவ போலன்னு நெனச்சேன். கொஞ்சம் வருத்தமாத்தான் இருந்துச்சு. கேக்கவும் கூச்சமா இருந்துச்சு. காணிக்கையப் போயி ஏன்லே எடுக்கலன்னு கேக்க முடியுமா?"

"எஞ்சின் மூட்டைய மட்டும் காணோம்?"

"அத அண்ணாச்சி ஆள் விட்டு எடுத்துட்டார்னு நெனச்சேன். அவருதான சொல்லிட்டுப் போனாரு."

ஸ்வீட்லின் சிரிக்கவில்லை. உதட்டை மடித்துக் கடித்துக்கொண்டாள். தாடியை எடு, ஆனால் யாரிடமும் எதுவும் சொல்லாதே என்று அவனிடம் சொல்லிவிட்டு வெளியே வந்தாள். பிச்சைக்கண்ணுவுக்கு வாசலுக்கு வந்த பிறகுதான் பொறி தட்டியது. எந்தத் திருடனும் பாடவில்லை. காணிக்கை எடுக்க வந்த சபைப் பையன்கள், தெருவுக்கு எது பக்கமோ அதைத் தூக்கியிருக்கிறார்கள். ஐயம்பெருமாளின் எஞ்சின் கர்த்தருக்கு ஸ்தோத்திரமாகப் போய்விட்டது.

"மேடம், அப்போ அத ஏலத்துல எவனோ எடுத்துருக்கான்."

"அதத்தான் இப்ப கேக்கப் போறோம்."

"எஞ்சின்னு தெரிஞ்சேவா எடுத்தான்?"

அதற்குப் பதில் தேவமணி வாத்தியாரிடம் இருந்தது. உடற்பயிற்சி ஆசிரியராக இருந்தவர். சபையில் வருஷா வருஷம் ஏலம் கூவுகிறவர் அவர்தான். பண்டிகை முடிந்து இத்தனை நாள் ஆகியும் தொண்டை சரியாகவில்லை, சுக்குக் காப்பியும் கையுமாக வீட்டு முற்றத்தில் உட்கார்ந்திருந்தார். சாக்கு மூட்டையா, நன்றாக நினைவிருக்கிறது என்றார். பையன்கள் அதைத் தூக்கி வைத்துவிட்டு இடுப்பைப் பிடித்துக்கொண்டு போனார்களாம்.

அவர்கள் சபையில் ஒரு வழக்கம் இருந்தது. மூடி வந்த காணிக்கையை மூடியபடியே ஏலம் விட வேண்டும். யார் கொடுத்தது என்று சொல்லக் கூடாது, உள்ளே என்ன என்று அவிழ்த்துப் பார்க்கக் கூடாது, தட்டிப் பார்க்கக்கூடக் கூடாது. கொடுத்தவர் பெருமை தேடக் கூடாது என்பதற்காக யாரோ பெரியவர்கள் ஏற்படுத்தியது. நடைமுறையில் என்ன ஆயிற்று என்றால், உள்ளே என்ன இருக்கிறது என்ற ஆவலிலேயே ஏலம் எகிறியது. அன்றைக்கு அந்த மூட்டைக்குத்தான் பலத்த போட்டி. சிலர் கிரைண்டர் என்றார்கள், சிலர் தையல் மெஷின் என்றார்கள். கடைசியில் இரண்டு பேர் விடாமல் கேட்க, இரண்டில் குரல் பெரியவருக்குப் போனது.

"யாரு சார் அந்தக் குரல் பெரியவரு?" என்று ஸ்வீட்லின் கேட்டாள்.

தேவமணி வாயைத் திறந்தார். பிறகு மூடினார். உள்ளே என்ன இருந்தது என்று அவர் திருப்பிக் கேட்டார். அவள் பக்கத்தில் போய்ச் சொன்னாள். அவர் காப்பியைக் கீழே வைத்துவிட்டு அவளை முற்றத்தின் அந்தக் கோடிக்குக் கூட்டிப்போய்க் காதில் ஏதோ சொன்னார். அதற்கப்புறம் இரண்டு பேரும் பிச்சைக்கண்ணுவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்று, தோள் குலுங்க நெடுநேரம் சிரித்தார்கள். உதவியாளனுக்குத் தெரியாமல் சிரிப்பது தொழில் தர்மமே இல்லை என்று பிச்சைக்கண்ணுவுக்கு வருத்தம்.

திரும்பி வந்த ஸ்வீட்லின், ஏலம் முடிந்து பையன்கள் கொண்டுபோய் இறக்கிய எஞ்சின் சேரன்மகாதேவிப் பக்கம் ஒரு வயலில் இருக்கிறது என்று மட்டும் சொன்னாள். ஐயம்பெருமாளுக்குப் போன் போட்டுக் காரை எடுத்துக்கொண்டு வரச் சொன்னாள். கையும் களவுமாகவா என்று அவர் போனில் கேட்டது மூன்று வீடு தள்ளிக் கேட்டது. ஆமாம் என்றாள் அவள்.

கான்டெஸா வந்து நின்றது. பிச்சைக்கண்ணு பின்சீட்டில் ஏறினார். இருபது வருஷத் தொழில் அனுபவத்தில் அவர் பின்சீட்டில் உட்காருவது அபூர்வம், அதனால் கண்ணாடி வழியாகப் பார்க்கிறவர்களுக்கு வசதியாக நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டார். ஐயம்பெருமாள் ஓட்டினார். வண்டி பேட்டையை ஒரு தடவைகூட நிற்காமல் தாண்டியது. சாலையின் இரண்டு பக்கமும் பிசான நெல் நட்ட வயல்கள், வாய்க்காலில் ஆற்றுத் தண்ணீர் நிறைந்து போய்க்கொண்டிருந்தது. அவர் எதையும் பார்க்கவில்லை.

"களவுப் பொருள வாங்குனவன் எவனா இருந்தாலும் விடப்படாதும்மா. எடுத்தவன் பாதிக் களவாணின்னா, வாங்குனவன் மீதிக் களவாணி."

"நிச்சயமாவா அண்ணாச்சி?"

"இதுல என்ன சந்தேகம்? எத்தன வருஷம் ரெவின்யூல இருந்தவன் நான்."

"தெரியாம வாங்கியிருந்தா?"

"தெரியாம எவன்மா வாங்குவான்? என்னன்னு பாக்காம ஒரு பொருள வாங்குதவன் கிறுக்கன், கோட்டிக்காரனாத்தான் இருக்கணும்."

ஸ்வீட்லின் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அந்தத் திருப்பலைப் பார்த்ததும் பிச்சைக்கண்ணு முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார். தேவமணி வாத்தியாரின் முற்றத்தில் குலுங்கிய தோள்கள் நினைவுக்கு வந்தன. குரல் பெரியவர் என்ற வார்த்தையும் நினைவுக்கு வந்தது. அவர் முன்சீட்டில் இருந்த அகலமான பிடரியைப் பார்த்தார். பிறகு வாயில் துண்டை வைத்து அழுத்திக்கொண்டார்.

"அடுத்த விலக்குல இடது கைப்பக்கம் திரும்புங்க அண்ணாச்சி."

"இது நம்ம வயலுக்குப் போற பாதைல்லா."

"ஆமா."

"பக்கத்து வயக்காரனா? எனக்கு அப்பவே தெரியும்மா. வருஷா வருஷம் வரப்ப வெட்டுதவன், எஞ்சின விடுவானா?"

வண்டி மண் பாதையில் பைய ஊர்ந்து, பம்ப்செட் அறைக்கு முன்னால் நின்றது. இங்கேயா என்று அவர் கேட்டார், இங்கேதான் என்றாள் அவள். அறையின் தாழ்வாரத்தில் ஒரு பெரிய சாக்கு மூட்டை இருந்தது. அதன்மேல் ஒரு சேவல் நின்றுகொண்டு வந்தவர்களைச் சந்தேகமாகப் பார்த்தது. சேவலின் கால் மூட்டைக் கயிற்றோடு கட்டியிருந்தது. சேவலைக் கண்டதும் ஐயம்பெருமாளின் முகம் கோபத்தை மறந்து மலர்ந்தது.

"பாத்தியளாம்மா, எப்படி வளந்துருக்கு. தேவமணி வாத்தியார் கூவுன கோயில் ஏலத்துல எடுத்தது. நமக்கு என்ன, சாப்பிடவா போறோம்? எவனோ ஒருத்தன் ரொம்பச் சவுண்டு விட்டுக் கேட்டான், விடல நான்."

"அது எது மேல நிக்குது அண்ணாச்சி?"

"அதுவும் அன்னைக்கு எடுத்ததுதான். ஆட்டுக்கல்லு."

"அவுத்துப் பாத்தியளா?"

"ஆட்டுக்கல்ல அவுத்து என்னத்தப் பாக்கது? பயலுவ தூக்க முடியாம..."

வாக்கியம் அந்தரத்தில் நின்றது. பிச்சைக்கண்ணு முன்னால் போய்ச் சேவலை மரியாதையாகத் தூக்கி இறக்கினார். அது அவரைக் கொத்தியது. சாக்கின் வாயை அவிழ்த்து மடித்து விட்டார். பச்சை பெயின்ட் அடித்த எஞ்சின் மூடி வெளியே தெரிந்தது. அந்தப் பச்சையை ஐயம்பெருமாள் தன் கையாலேயே, மகள் பத்தாவது பாஸான வருஷம், மிச்சமிருந்த ஜன்னல் பெயின்டைக் கொண்டு அடித்திருந்தார்.

அவர் நின்றபடியே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு பம்ப்செட் அறைத் திண்டில் உட்கார்ந்துவிட்டார். அவர் வாயிலிருந்து சத்தமே வரவில்லை. அவரை இந்த நிலையில் பிச்சைக்கண்ணு பார்த்ததில்லை, ஊரில் யாரும் பார்த்திருக்கவும் வாய்ப்பில்லை. ஸ்வீட்லின் நடந்ததை நடந்தபடி சொன்னாள். வாசலில் இரண்டு மூட்டை இருந்தது, பையன்கள் மாற்றித் தூக்கியது, எபி ஏலத்துக்கு வராதது, எல்லாம். குத்திக்காட்டி ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்ல வேண்டியதை எல்லாம் வரும் வழியில் அவரே சொல்லிவிட்டிருந்தார்.

"கோட்டிக்காரன்தான்," என்றார் ஐயம்பெருமாள், மெதுவாக.

பிறகு அவருக்கு ஒரு யோசனை வந்தது. அரசாங்க உத்தியோகத்தில் இருந்தவருக்கு வரக்கூடிய யோசனைதான். இதை வெளியே சொல்ல வேண்டாம் என்றார். எபி எஞ்சினைத் திருப்பிக் கொடுத்துவிட்டான் என்று சொல்லிவிடுவோம், நானும் மன்னித்துவிட்டேன் என்று சுவிசேஷமுத்துவிடம் சொல்லிவிடுகிறேன், ஓலையை வாசிக்கட்டும், கல்யாணமும் நடக்கட்டும், யாருக்கும் நஷ்டம் இல்லை என்றார்.

"எடுக்காதவன் எப்படி அண்ணாச்சி திருப்பிக் குடுப்பான்?" என்றாள் ஸ்வீட்லின். "நீங்க மன்னிச்சா அவன் களவாணின்னு ஆயிரும். அந்தப் பேரோடதான் அந்தப் புள்ள அவன் வீட்டுக்குப் போகணும். ஆயுசுக்கும்."

"எனக்கு ஊருல ஒரு மரியாத இருக்குல்லாம்மா."

"அவனுக்கும் இருந்துச்சு, போன வாரம் வரைக்கும்."

அவர் எஞ்சினைப் பார்த்தார். அவளைப் பார்க்கவில்லை. எஞ்சினைக் கண்டுபிடிப்பதுதான் தன் வேலை, அது முடிந்தது, மீதியை அவர்தான் செய்ய வேண்டும் என்று அவள் சொல்லிவிட்டுக் காருக்குப் போனாள். ஞாயிற்றுக்கிழமைக்கு நடுவில் ஒரு நாள்தான் இருக்கிறது என்பதைப் பிச்சைக்கண்ணு தன் பங்குக்கு நினைவூட்டினார். பாளையங்கோட்டைக்குள் நுழைந்ததும் தன் வீட்டுக்குத் திரும்ப வேண்டிய இடத்தில் ஐயம்பெருமாள் திரும்பவில்லை. வண்டி நேராகச் சாந்தி நகர் போனது.

சுவிசேஷமுத்து ஒரு கல்லூரி அலுவலகத்தில் தலைமை எழுத்தராக இருந்தவர். பேச்சை அளந்து பேசுகிறவர். வந்தவர்களை உட்காரச் சொன்னார், தண்ணீர் கொடுக்கச் சொன்னார். தண்ணீர் கொண்டுவந்த டெபோரா உள்ளே போகாமல் கதவோரம் நின்றாள். கண்ணெல்லாம் வீங்கியிருந்தது. ஐயம்பெருமாள் தண்ணீரைக் குடித்துவிட்டு, யாரும் கேட்கும் முன்பே, எல்லாவற்றையும் சொன்னார். எஞ்சின் தன் வயலிலேயே இருப்பதையும், அதைத் தானே ஏலத்தில் எடுத்ததையும், சாக்கை அவிழ்த்துப் பார்க்காததையும் சொன்னார். எபிமேல் ஒரு குற்றமும் இல்லை, தப்பு முழுக்கத் தன்னுடையது என்றும் சொன்னார். தணிந்த குரலில், தலையைக் குனிந்தபடி சொன்னார்.

சுவிசேஷமுத்து மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். "ரொம்பப் பெரிய மனசு அண்ணாச்சி உங்களுக்கு," என்றார். அவர் அதை நிஜமாகவே சொன்னார். எழுந்து சட்டையை எடுத்தார், குருவானவரைப் பார்க்கப் போக.

"ஒரு நிமிசம்ப்பா," என்றாள் டெபோரா.

எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். அவள் ஐயம்பெருமாளைப் பார்த்தாள்.

"நீங்க வந்து சொன்னதுல சந்தோசம் அண்ணாச்சி. ஆனா அவரக் களவாணின்னு சொன்னப்போ கேட்டுக்கு வெளிய நின்னுல்லா சொன்னிய. இல்லைன்னு சொல்லும்போது மட்டும் ஏன் உள்ள வந்து சொல்லுதிய?"

மகளை அதட்ட வேண்டிய சுவிசேஷமுத்து, சட்டையில் ஒரு கை நுழைத்தபடி நின்றுவிட்டார். ஐயம்பெருமாள் உதவிக்கு ஸ்வீட்லினைப் பார்த்தார். அவள் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிச்சைக்கண்ணுவைப் பார்த்தார். பிச்சைக்கண்ணுவிடம் வேடிக்கையாகச் சொல்ல நாலு வார்த்தை இருந்தது. ஆனால் அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்த பிறகு ஒன்றையும் சொல்ல அவருக்கு மனம் வரவில்லை.

ஐயம்பெருமாள் எழுந்தார். வேட்டியை இறுக்கிக் கட்டினார். கேட்டைத் திறந்துகொண்டு போய் நடுத்தெருவில் நின்றார். எதிர் வீட்டு மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த அம்மாள் நிமிர்ந்து பார்த்தாள். செருமிக்கொண்டு, அவருக்கே உரிய குரலை எடுத்தார்.

"எல்லாரும் கேட்டுக்கிடுங்க. எபி எதையும் எடுக்கல. அந்தச் சாக்க ஏலத்துல எடுத்தவன் நாந்தான். அவுத்துக்கூடப் பாக்காம அவனக் களவாணின்னு சொன்னவனும் நாந்தான்."

தெருமுனையில் ஸ்கூட்டரை நிறுத்திய ஒருவர், சரியாகக் காதில் விழவில்லை, என்ன விஷயம் என்று கேட்டார். ஐயம்பெருமாளுக்குக் கண் கலங்கியிருந்தது. ஆனால் அவர் பின்வாங்கவில்லை. அதையே மறுபடி, முதலிலிருந்து சொன்னார். சொல்லி முடித்துத் திரும்பியபோது டெபோரா கேட் வரைக்கும் வந்திருந்தாள். அவள் கை நீண்டிருந்தது, கையில் செல்போன், போனில் எபி.

"இன்னொரு தடவ சொல்லுங்க அண்ணாச்சி," என்றாள். "அவரால நம்ப முடியலையாம்."

ஐயம்பெருமாள் அந்தப் போனைப் பார்த்து, மூன்றாம் தடவையும் முழுக்கச் சொன்னார்.